வைத்திய அறிஞர் ஜெரோம் லெஜூன்

ஓர் அறிஞன் தான் வருந்தித் தேடிக் கண்ட உண்மையை உலகின்முன் வைத்த அக்கணமே அஃது அவன் கையினின்று நீங்கிவிடுகிறது. பிறர் அதனை எடுத்துத் தாம் வேண்டியவாறு ஆள்வர். நோயைத் தீர்ப்பதற்கு வழிகாட்டும் என்று நம்பிக் கண்ட உண்மை, நோயுடையோர் பிறவாதபடி தடுப்பதற்குக் கருவியாயின், அதனைக் கண்டவன் செய்யத்தக்கது யாது? பிரெஞ்சு வைத்தியர் ஜெரோம் லெஜூனார் தம் வாழ்நாளின் பிற்பாதி முழுவதும் இவ்வினாவோடு போராடினார். கலாசாலையில் உயிர்நூல் பயிலும் மாணாக்கர் அவர் பெயரை ஒருமுறையேனும் கேட்டிருப்பர். டவுன் நோய் என்னும் தலைப்பின்கீழ் 1959 என்னும் ஆண்டோடு சேர்த்து மனப்பாடம் செய்துமிருப்பர். அவ்வாண்டுக்கு முன்னும் பின்னும் நிகழ்ந்தவற்றை ஈண்டுச் சிறிது விரித்துரைப்போம்.

லெஜூனார் 1926ஆம் ஆண்டு ஜூன் மாதம் 13ஆம் நாள், பாரிஸ் மாநகரை அடுத்த மோன்ரூஜ் என்னும் ஊரிற் பிறந்தார். குடும்பத்தார் பின்னர் எத்தாம்ப் என்னும் ஊரில் வாழ்ந்தனர். அவருடைய சகோதரர்களுள் ஒருவராகிய பிலிப் ஓவியக்கலையிற் புகுந்து பெயர் பெற்றார். ஜெரோமோ, நாவலாசிரியர் பால்சாக் படைத்த நாட்டுப்புற வைத்தியர் ஒருவரின் கதையைப் படித்து மனம் உருகி, தாமும் அவ்வாறே ஏதேனும் ஒரு சிற்றூரில் எளியோர்க்கு வைத்தியம் பார்த்து வாழ விரும்பினார் என்பர். அவ்விருப்பம் நிறைவேறவில்லை. வைத்தியக் கல்வி முடிந்ததும், பிள்ளை வைத்தியத்திற் புகழ்பெற்றிருந்த ரெய்மொன் டுர்ப்பேன் என்னும் பேராசிரியர் அவரைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார். 1952இல் லெஜூனார் டென்மார்க்கு நாட்டினராகிய பிர்த் என்னும் மங்கையை மணந்தார். அவ்விருவர்க்கும் மக்கள் ஐவர்.

டுர்ப்பேன் அவரிடம் ஒப்புவித்த பணி, அக்காலத்தில் எவரும் விரும்பி ஏலாத பணியாகும். சாய்ந்த கண்களும், தட்டையான முகமும், தளர்ந்த தசைகளும், மந்தமான அறிவும் உடையவராய்ச் சில பிள்ளைகள் பிறப்பதை வைத்தியர் பன்னெடுங்காலமாக அறிந்திருந்தனர். 1866இல் ஜான் லாங்டன் டவுன் என்னும் ஆங்கிலேய வைத்தியர் இவ்வகைப் பிள்ளைகளைத் தனியே பிரித்துக் காட்டி விவரித்தார். எனினும் அவர்தம் முகச்சாயலைக் கொண்டு, ஆசியாவில் வாழும் ஒரு பெருங்குலத்தாரின் பெயரையே அந்நிலைக்கு இட்டுவிட்டார். இதனினும் அறியாமை மிக்கதொரு பெயரீட்டை வைத்திய வரலாற்றிற் காண்டல் அரிது. காரணம் விளங்காத இடத்தில் பழி வந்து புகுவது இயல்பன்றோ? தந்தையின் குடியே காரணம் என்றனர் சிலர். பெற்றோரின் மேகநோய் என்றனர் வேறு சிலர். தாய்மார் அக்கம்பக்கத்தார் கண்ணுக்கு அஞ்சிக் குழந்தையை வீட்டினுள்ளே மறைத்து வளர்த்தனர். அல்லது விடுதிகளிற் சேர்த்துவிட்டு மறக்க முயன்றனர்.

இளைஞராகிய லெஜூனார் இப்பிள்ளைகளின் உள்ளங்கைகளை ஆராயத் தொடங்கினார். நம் நாட்டுக் கைரேகை சோதிடர் செய்வதைப்போல் வருங்காலம் அறிவதற்கன்று. சென்ற காலம் அறிவதற்கு. உள்ளங்கைக் கோடுகள் சிசு கருப்பையில் இருக்கும்போதே, மிக இளம் பருவத்தில் அமைந்துவிடுகின்றன. இப்பிள்ளைகளின் கோடுகள் ஏனையோர் கோடுகளினின்று வேறுபட்டிருந்தன. ஆகவே கேட்டின் தொடக்கம் கருவுற்ற நாள்களுக்கு மிக அணுகியதாகவே இருத்தல் வேண்டும் என்று அவரும் டுர்ப்பேனும் உய்த்துணர்ந்தனர். குரோமோசோம்களில் ஏதேனும் பிழையிருக்கலாம் என்னும் ஐயம் டுர்ப்பேனுக்கு 1930களிலேயே உண்டு. எனினும் அதனைச் சோதித்தறியும் வழி அந்நாளில் இல்லை. மனித உயிரணுவில் உள்ள குரோமோசோம்கள் 48 என்றே உலகம் நம்பியிருந்தது. 1956இல் ஜோ ஹின் ட்யோ, ஆல்பர்ட் லெவான் என்னும் இருவர் சுவீடன் நாட்டு லுண்ட் நகரிற் செய்த ஆராய்ச்சியை வெளியிட்டு, சரியான எண் 46 என்று நிறுவிய பின்னரே வழி திறந்தது.

இவ்விடத்தில் நாம் இன்னொருவரைச் சந்திக்கவேண்டும். மார்த் கோத்தியே அம்மையார் ஓராண்டு அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் இருந்து, உயிரணுக்களைக் கண்ணாடிக் கலங்களில் வளர்க்கும் முறையைக் கற்று மீண்டவர். பாரிஸில் துரூசோ வைத்தியசாலையில் டுர்ப்பேனின் பிரிவில் அவ்வகை ஆராய்ச்சிச்சாலையை நிறுவியவர் அவரே. பொருளுதவி இன்மையால் தாமே கடன் வாங்கிக் கண்ணாடிக் கலங்கள் வாங்கினார். வேண்டிய ஊனீருக்குச் சேவல் ஒன்றை வளர்த்தார். தம் இரத்தத்தையும் எடுத்துப் பயன்படுத்தினார். 1958ஆம் ஆண்டு மே மாதத்தில், டவுன் நோயுற்ற பிள்ளையின் உயிரணுவில் 46க்குப் பதிலாக 47 குரோமோசோம்கள் தென்பட்டன. படம்பிடிக்கும் வசதியுள்ள நுண்பெருக்கி அவரிடம் இல்லை. தட்டுகளை லெஜூனார் வாங்கிச் சென்று படமெடுப்பித்தார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் கனடா நாட்டு மோன்ட்ரியால் நகரில் கூடிய மரபியல் மாநாட்டில் அச்செய்தியை உரைத்தவர் லெஜூனார். 1959 ஜனவரி 26ஆம் நாள் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தின் வெளியீட்டில் கட்டுரை வந்தபோது, முதற்பெயர் லெஜூனாருடையது, இடையில் கோத்தியே அம்மையாரின் பெயர், அதுவும் எழுத்துப்பிழையோடு, இறுதியில் டுர்ப்பேன்.

அம்மையார் மனம் கசந்து அத்துறையை விட்டு இருதய வைத்தியத்திற்குத் திரும்பினார். ஐம்பது ஆண்டு கழிந்த பின்னரே தம் பக்கத்தை எழுதினார். 2014இல் பொர்தோ நகரில் அவர் பேசவிருந்த கூட்டத்திற்கு, லெஜூனாரின் பெயரால் இயங்கும் நிறுவனத்தார் அவர் உரையைப் பதிவு செய்ய நீதிமன்ற அலுவலரை அனுப்பியதால், கூட்டத்தார் அஞ்சி அவர் பேச்சையே நீக்கிவிட்டனர். அதே ஆண்டில் பிரெஞ்சு வைத்திய ஆராய்ச்சி நிலையத்தின் அறநெறிக் குழுவினர், இக்கண்டுபிடிப்பில் லெஜூனாரின் பங்கு தலையாயது என்று கொள்வதற்கில்லை என்று கருத்துரைத்தனர். லெஜூனாரின் குடும்பத்தாரோ அவருடைய ஆராய்ச்சிக் குறிப்பேட்டையும் கடிதங்களையும் சான்று காட்டி இதனை மறுக்கின்றனர். அம்மையார் 2022இல் மறைந்தார். ஒருவர் பெருமையை எழுதப் புகுந்தோர் இதனை மறைத்தல் முறையன்று. எளியோர்க்காகப் பேசிய லெஜூனார், தம் பக்கத்திலேயே நின்று உழைத்த ஒருவர்க்கு உரிய இடத்தை அளிக்கத் தவறினார் என்றே நாம் கருதுகிறோம்.

நிற்க. கண்ட உண்மை மிக எளியது. எல்லோர்க்கும் இரண்டிரண்டாக இருக்கும் குரோமோசோம்களுள் 21ஆம் எண்ணுடையது இப்பிள்ளைகளுக்கு மூன்றாக இருக்கிறது. பெரும்பாலும் தாயின் கருமுட்டை உருவாகும்போது நேரும் பிரிவுப் பிழையே இதற்குக் காரணம். தாயின் வயது ஏற ஏற இப்பிழை மிகும். இருபது வயதுத் தாய்மாருள் ஏறக்குறைய 1,500 பிறப்புக்கு ஒன்று என்றிருப்பது, நாற்பது வயதில் 100க்கு ஒன்றாகிவிடுகிறது. குடியும் இல்லை, மேகநோயும் இல்லை, குலக்கேடும் இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த பெற்றோர்க்கு லெஜூனார் குரோமோசோம் படத்தைக் காட்டி, இஃது ஒருவர் குற்றமும் அன்று என்று விளக்கியபோது, எத்தனையோ ஆண்டுப் பழி அவர்கள் தோளினின்று இறங்கியது. 1961இல் டவுன் இட்ட பழைய குலப்பெயரை விட்டொழிக்க வேண்டும் என்று அறிஞர் பலர் ஒரு வைத்தியப் பத்திரிகையில் விண்ணப்பம் வெளியிட்டபோது லெஜூனாரும் கையொப்பம் இட்டார். அவர்களுள் டவுனின் வழித்தோன்றல் ஒருவரும் இருந்தார்.

புகழ் விரைந்து வந்தது. 1962இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி தம் கையாலேயே அவருக்குப் பரிசளித்தார். கென்னடியின் சகோதரி ஒருவரும் அறிவு வளர்ச்சி குன்றியவராதலின் அப்பரிசு வெறுஞ்சடங்கன்று. 1963இல், பூனைக்குட்டி கத்துவதுபோல் அழும் குழந்தைகளின் நோய்க்கு, 5ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு குறைந்திருத்தலே காரணம் என்று கண்டார். 1964இல் பாரிஸ் வைத்தியக் கலாசாலையில் அடிப்படை மரபியலுக்கென முதன்முதல் ஏற்பட்ட பேராசிரியப் பதவியை ஏற்றார். நெக்கர் வைத்தியசாலையில் பிள்ளைகளைப் பார்ப்பதை மட்டும் ஒருநாளும் விடவில்லை.

இதற்கிடையே வேறோரிடத்தில் வேறொரு முறை வளர்ந்து வந்தது. கருவிலுள்ள சிசுவைச் சூழ்ந்திருக்கும் பனிக்குட நீரில் சிசுவின் உயிரணுக்கள் மிதக்கும். கோபன்ஹேகன் நகர வைத்தியர் இருவர், ஊசியால் அந்நீரைச் சிறிது எடுத்து, சிசு ஆணா பெண்ணா என்று அறியலாம் என 1956இல் காட்டினர். அவ்வுயிரணுக்களை வளர்த்துக் குரோமோசோம்களை எண்ணலாம் என்பது 1966இல் தெரிந்தது. 1968இல் அமெரிக்காவில், சிசுவுக்கு டவுன் நோய் உண்டென்று இம்முறையால் அறிந்து அக்கருவைக் கலைத்த செய்தி அச்சில் வந்தது. நான்காம் திங்களளவில் நீரை எடுத்து, உயிரணுக்கள் வளர இரண்டு மூன்று வாரம் காத்திருந்து விடை பெறவேண்டியிருந்தது. சிசு வயிற்றில் அசைவதைத் தாய் உணரத் தொடங்கும் நாள்களும் அவையே.

1959இல் கண்ட எண் இவ்வாறு புதியதொரு பயன் பெற்றது. நோய்க்கு மருந்து இல்லை. நோயுடைய சிசுவை அடையாளம் காண மட்டும் வழியுண்டு. அடையாளத்தைக் கண்டபின் செய்யக்கூடியது ஒன்றே என்று வைத்தியருட் பலர் எண்ணினர். 1969இல் அமெரிக்க மனித மரபியற் சங்கத்தார் தம் உயர்ந்த விருதாகிய ஆலன் விருதை லெஜூனாருக்கு வழங்கச் சான் பிரான்சிஸ்கோ நகருக்கு அழைத்தனர். நன்றி கூறி, ஆராய்ச்சியைப் பற்றி நாலு சொற் பேசி அமர்தல் வழக்கம். அவரோ, கருவுற்ற கணத்திலேயே மனிதன் ஒருவனின் முழுக்குறிப்பும் அமைந்துவிடுகிறது என்றும், நோயைக் கொல்லமாட்டாமல் நோயாளியைக் கொல்லுதல் வைத்தியமாகாது என்றும் அவ்வறிஞர் முன்னே விளங்கக் கூறிவிட்டார். அவை பெரிதும் மௌனமாயிருந்ததாம். நோபெல் பரிசை அன்றே இழந்துவிட்டதாக அவர் மனைவிக்கு எழுதினார் என்று குடும்பத்தார் கூறுவர். அஃது எவ்வளவு உண்மையோ, எவரும் அளந்துரைத்தல் இயலாது. 46 என்னும் எண்ணைக் கண்ட ட்யோவும் லெவானும் எவரையும் பகைக்காமலே அப்பரிசைப் பெறாதிருந்தனர்.

1970இல் பிரெஞ்சுச் சட்டசபையில், பிறக்கவிருக்கும் சிசுவுக்குத் தீராக் குறை உண்டெனில் கருவைக் கலைக்க இடந்தரும் மசோதா ஒன்று வந்தது. நாடெங்கும் வாதம் மூண்டது. அந்நாள்களில் நிகழ்ந்ததொன்றை லெஜூனாரின் மகள் தம் நூலிற் கூறுகிறார். டவுன் நோயுடைய பத்து வயதுச் சிறுவன் ஒருவன் பெற்றோருடன் இருந்து தொலைக்காட்சியில் இவ்வாதத்தைக் கண்டான். மறுநாள் வைத்தியசாலைக்கு வந்து, தன்னைப் போன்றவரைக் கொல்லப் பார்க்கின்றனர் என்றும், அவர்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்ளத் தெரியாதவர் என்றும் சொல்லி, வைத்தியரே காக்கவேண்டும் என வேண்டினானாம். மந்த அறிவினர் என்று நாம் ஒதுக்குவோர் நம் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கின்றனர் என்பதை இந்நிகழ்ச்சிக்கு முன் எத்தனை பேர் எண்ணியிருப்பர்?

அதுமுதல் லெஜூனார் ஊர்தோறும் பேசினார். அதனால் நண்பரை இழந்தார். 1971இல் பாரிஸில் அவர் பங்குகொண்ட கூட்டம் எதிர்த்தோரால் கலைக்கப்பட்டது. வைத்தியக் கலாசாலைச் சுவர்களில் அவரைக் கொல்லவேண்டும் என்று எழுதப்பட்டிருந்ததையும் மகளார் குறித்துள்ளார். 1973இல் ஆயிரக்கணக்கான வைத்தியர் அவர் பக்கம் நின்று அறிக்கை விடுத்தனர். ஆயினும் காலம் வேறு வழியிற் சென்றது.

எதிர்ப்பக்கத்தின் முன்னின்றவர் சுகாதார மந்திரியாகிய சிமோன் வெய் அம்மையார். அவரை உயிரின் மதிப்பு அறியாதவர் என்று எவரும் சொல்ல முடியாது. கன்னிப் பருவத்தில் ஆஷ்விட்ஸ் கொலைக்களத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டுப் பெற்றோரையும் சகோதரனையும் இழந்து மீண்டவர். மறைவிடங்களில், கைதேராதாரிடம் கருவைக் கலைத்துக்கொண்டு சாகும் பெண்களின் நிலையை அவர் 1974 நவம்பரில் சட்டசபைமுன் வைத்தார். அங்கே இருந்தோருட் பெரும்பாலார் ஆடவர். 1975 ஜனவரி 17ஆம் நாள் சட்டம் நிறைவேறியது. துன்பநிலையிலுள்ள பெண் பத்தாம் வாரம் வரையில் கருவைக் கலைத்துக்கொள்ளலாம் என்று அச்சட்டம் அன்று இடந்தந்தது. சிசுவுக்குத் தீராக் கொடுநோய் உண்டென்று இரு வைத்தியர் உறுதி கூறின், எத்திங்களிலும் கலைக்கலாம். இவ்விரண்டாம் பகுதியே லெஜூனாரின் நெஞ்சில் தைத்தது. ஏனெனில் முதற்பகுதி தாயின் நிலையை நோக்குகிறது; இரண்டாவதோ சிசு எத்தகையது என்பதை நோக்குகிறது.

இவ்வேறுபாட்டை ஆழ்ந்து சிந்தித்தல் வேண்டும். லெஜூனார் இரண்டையும் ஒருங்கே மறுத்தவர். அவருடைய கத்தோலிக்க சமயப் பற்றும் அதற்குத் துணைநின்றது. தாய்மாரின் துயரைக் குறித்து அவர் பேசியது போதாது என்று குறைகூறுவோர் கூற்றில் உண்மையுண்டு. தனக்குப்பின் இப்பிள்ளையை யார் காப்பர் என்று இரவெல்லாம் விழித்திருப்பவள் தாய், பேராசிரியர் அல்லர். ஜெர்மானியர் 1939 முதல் ஊனமுற்றோரை அரசாணையால் கொன்றதையும், ஒரு தாய் அழுது அழுது எடுக்கும் முடிவையும் ஒரே தட்டில் வைத்தல் நீதியாகாது. எனினும் அவர் அஞ்சியது வீண் அச்சமென்று தள்ளவும் முடியவில்லை. எவரும் வற்புறுத்தாமலே, பலர் தனித்தனியே எடுக்கும் முடிவுகள் சேர்ந்து, ஒருவகை மக்களையே உலகினின்று அகற்றிவிடக்கூடும் அன்றோ? அவர் மனைவியின் தாய்நாடாகிய டென்மார்க்கு இதற்குச் சான்று. 2004ஆம் ஆண்டின் அரசாங்க ஏற்பாட்டின்படி அங்கே கருவுற்ற பெண்கள் அனைவர்க்கும் சோதனை அளிக்கப்படுகிறது. வேண்டாதவர் மறுக்கலாம். நோயுண்டென்று அறிந்தோருள் 100க்கு 95க்கு மேற்பட்டோர் கருவைக் கலைக்கின்றனர். 2019இல் அந்நாடு முழுவதிலும் டவுன் நோயுடன் பிறந்த குழந்தைகள் 18. தாயின் இரத்தத்திலேயே சிசுவின் மரபுப்பொருள் கலந்திருப்பதை 1997இல் டென்னிஸ் லோ என்பார் கண்டறிந்தபின், 2011 முதல் கையில் ஊசியிட்டு எடுக்கும் சிறிது இரத்தமே சோதனைக்குப் போதுமானதாயிற்று. சோதனை எளிதாக எளிதாக, அதனை வேண்டாமென்று சொல்லுதல் அரிதாகிறது. வைத்தியர் விடையைச் சொல்லும் குரலிலேயே பெற்றோர் பாதி முடிவைக் கேட்டுவிடுகின்றனர்.

சோதனையை வெறுத்தவர் என்று லெஜூனாரை எண்ணிவிடலாகாது. அவர் வெறுத்தது, அடையாளத்தைக் கண்டதோடு ஆராய்ச்சி நின்றுவிட்டதை. மிகுதியான குரோமோசோம் உடலின் இரசாயனத்தை எங்கே குலைக்கிறதோ அங்கே மருந்தைச் செலுத்தலாம் என்று நம்பி, போலிக் அமிலம் முதலிய பொருள்களை அவர் இருபது ஆண்டுக்கு மேல் ஆராய்ந்தார். அம்முயற்சி பலிக்கவில்லை. 2013இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர், அம்மூன்றாம் குரோமோசோமை ஆய்வுக்கலத்திலுள்ள உயிரணுவில் அடக்கிக் காட்டினர். மனித உடலில் அது கைகூடவில்லை. ஆயின் மருந்து வாராமலே இன்னொன்று நிகழ்ந்தது. இப்பிள்ளைகளுள் ஏறக்குறையப் பாதிப்பேர்க்கு இருதயக் குறை உண்டு. ரண வைத்தியர் அதனைத் திருத்தக் கற்றனர். பெற்றோர் விடுதிகளுக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வளர்த்தனர். பள்ளிகள் கதவு திறந்தன. அமெரிக்காவில் 1983இல் 25 ஆண்டளவாயிருந்த அவர்தம் சராசரி ஆயுள், இந்நூற்றாண்டில் 60ஐ எட்டியது. 1959இல் பிறந்த குழந்தையைக் குறித்து வைத்தியர் கூறிய முன்னறிவிப்பு எதுவும் இன்று பிறக்கும் குழந்தைக்குப் பொருந்தாது. சோதனையின் விடை மட்டும் அன்றும் இன்றும் ஒன்றே, 47.

பிற்கால நிகழ்ச்சிகளைச் சுருங்கக் கூறுவோம். 1974இல் போப்பாண்டவரின் விஞ்ஞானக் கழகத்தில் உறுப்பினரானார். 1981 மே 13ஆம் நாள் அவரும் மனைவியும் போப் இரண்டாம் ஜான் பாலுடன் பகலுணவு உண்டு திரும்பிய சில மணி நேரத்தில் போப் சுடப்பட்டார். அவ்வாண்டின் இறுதியில், அணுப்போரின் கேட்டை எடுத்துரைக்கப் போப் அனுப்பிய தூதுக்குழுவில் மாஸ்கோ சென்று பிரெஷ்னெவைக் கண்டார். 1989இல், விவாகரத்துக்குப் புகுந்த தம்பதிகளின் உறையவைத்த ஏழு கருக்கள் எவருக்கு உரியவை என்னும் வழக்கில், அமெரிக்காவிலுள்ள டென்னஸி நாட்டு நீதிமன்றத்தில் சாட்சி கூறினார். அவை உடைமைகள் அல்ல, மனிதர் என்றார். முதல் நீதிபதி அக்கருத்தை ஏற்றார், மேல்மன்றங்கள் ஏற்கவில்லை.

1994 பிப்ரவரியில், உயிரைப் பேணும் பொருட்டுப் போப் நிறுவிய புதிய கழகத்திற்கு லெஜூனார் முதல் தலைவரானார். நுரையீரற் புற்றுநோய் அப்போதே அவரை முற்றும் பற்றியிருந்தது. தம் பிள்ளை நோயாளிகளை நினைந்து, அவர்களைக் குணப்படுத்தும் வழியைக் காணாமலே போகிறோமே என்று அந்நாள்களில் வருந்தினார் என்பர். ஏப்ரல் 3ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிறு காலையில் உயிர் நீத்தார். பதவியேற்றுச் சில வாரங்களே ஆகியிருந்தன.

பாரிஸ் நோத்ர் தாம் பேராலயத்தில் இறுதி வழிபாடு நடைபெற்றது. டவுன் நோயுடைய இளைஞர் ஒருவர், எவரும் எதிர்பாராதவாறு எழுந்து ஒலிபெருக்கியை அணுகினார். அவர் லெஜூனாரிடம் சிறுவயது முதல் வைத்தியம் பெற்றவர். தம் தந்தைக்கும் தாய்க்கும் லெஜூனார் செய்ததற்காக நன்றி கூறினார். அவரால்தான், தாம் தாமாக இருப்பதில் பெருமை கொள்ளக் கற்றதாகவும் கூறினார். பின்னர் தம் இடத்திற்குச் சென்று அமர்ந்தார்.